டெல்லி கார் 2 லட்சம் கம்மியா கிடைக்குதா? அந்த விலைக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆச்சு, கொஞ்சம் சேமிப்பும் இருக்கு, முதல் கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சிருக்கீங்களா? அப்படின்னா ஒரு விளம்பரம் கண்டிப்பா உங்க கண்ணுல பட்டிருக்கும். "டெல்லி ரெஜிஸ்ட்ரேஷன், சிங்கிள் ஓனர், டீசல், டாப் மாடல்." அதே மாடல், அதே வருஷம் டி.என். நம்பரோட 6.5 லட்சம்னா, இது 4.8 லட்சம். எப்படிங்க இவ்வளவு கம்மி?

வண்டில கோளாறு இருக்கணும்னு அவசியம் இல்லை. விலையைக் குறைச்சது டெல்லியோட காத்து. அதைச் சுத்தப்படுத்த எடுத்த முடிவுகள் அங்க இருக்கிற கார் விலையை அடிச்சது, அந்தக் கார்தான் லாரில ஏறி இங்க வருது. அதனால முதல்ல அங்க என்ன நடந்ததுன்னு பார்ப்போம், அப்புறம் நம்ம பர்ஸுக்கு வருவோம்.

10 வருஷம், 15 வருஷம்: எங்கிருந்து வந்தது?

டெல்லில வண்டிப் புகைக்கு எதிரான முயற்சி புதுசு இல்லை. 1998-ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2002 கடைசிக்குள்ள அங்க ஓடின அரசு பஸ்கள் டீசல்ல இருந்து சி.என்.ஜி.க்கு மாறுச்சு. அதே 2002 டிசம்பர்ல மெட்ரோவும் ஓட ஆரம்பிச்சது. இதெல்லாம் நடந்தும் தனியார் கார், பைக் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு.

அடுத்து கை வச்சது தனியார் வண்டி மேல. 15 வருஷம் தாண்டின வண்டி டெல்லில ஓடக் கூடாதுன்னு 2014 நவம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2015 ஏப்ரல்ல 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிக்கும் தடை. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. டெல்லி மட்டும் இல்லைங்க. குருகிராம், ஃபரிதாபாத், நொய்டா, காசியாபாத் எல்லாம் சேர்ந்த தலைநகர் வட்டாரம் முழுக்க. காத்துக்கு மாநில எல்லை கிடையாதே! அதனால இந்த வட்டாரத்துக்குன்னே காற்றுத் தர மேலாண்மை ஆணையம் ஒண்ணை மத்திய அரசு அமைச்சது. முதல்ல 2020-ல அவசரச் சட்டமா வந்தது, 2021-ல முழுச் சட்டம்.

இப்போ ஒரு டீசல் கார் ஓனர் இடத்துல இருந்து யோசிங்க. நாம 15 வருஷத்துக்கு ரோடு டாக்ஸ் கட்டிட்டு 15 வருஷம் ஓட்டலாம்னு நினைக்கிறோம். அவருக்குக் கைல இருக்கிறது 10. ஏழாவது வருஷம் விக்கப் போனா, உள்ளூர்ல வாங்குறவருக்கு மிச்சம் 3 வருஷம்தான். யாரு நல்ல விலை குடுப்பா? அதனால வெளி மாநில டீலர்தான் அவருக்கு வழி. உங்க 4.8 லட்சம் பிறக்கிற இடம் இதுதான்.

விதி மாறுற வேகம்

2025-ல நடந்ததைக் கவனிங்க. ஜூலை 1-ல இருந்து வயசு தாண்டின வண்டிக்கு டெல்லி பங்க்ல பெட்ரோல், டீசல் போடக் கூடாதுன்னு ஆணையம் சொன்னது. பங்க்ல நம்பர் பிளேட் படிக்கிற கேமராவே மாட்டினாங்க. மக்கள்கிட்ட எதிர்ப்பு வெடிச்சது, சில நாள்லயே நிறுத்தி வச்சாங்க. ஆகஸ்ட் 12-ல, வயசை மட்டும் காரணம் காட்டி ஓனர் மேல கடும் நடவடிக்கை வேண்டாம்னு உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பர் 17-ல அதையும் திருத்தி, இந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-ம் அதுக்கு மேல உள்ள வண்டிக்கும்தான்னு சொன்னது. ஆறு மாசத்துல இத்தனை திருப்பம்.

டிசம்பர் திருத்தம்தான் சரியான திசைன்னு எனக்குத் தோணுது. வயசு ஒரு மொட்டையான அளவுகோல். ஷெட்ல நின்ன 11 வருஷ காரும், தினம் 150 கிலோமீட்டர் ஓடுற 9 வருஷ டாக்ஸியும் ஒண்ணா? பி.எஸ். தரம் புகையைவே அளக்குது. பி.எஸ்.4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் நுண்துகள் விடலாம். 2020 ஏப்ரல்ல நாடு முழுக்க வந்த பி.எஸ்.6-ல அது 4.5 மில்லிகிராம்தான். நைட்ரஜன் ஆக்சைடு 250-ல இருந்து 80 மில்லிகிராம் ஆச்சு. எரிபொருள்ல இருக்கிற கந்தகமும் 50 பி.பி.எம்.ல இருந்து 10 ஆகிருச்சு.

ஆனா தரத்தை வச்சுப் பிரிச்சாலும் பி.எஸ்.4 டீசல் தப்பிக்கலை. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினா படிநிலைத் திட்டத்தோட மூணாம் கட்டம் வரும். அப்போ பி.எஸ்.3 பெட்ரோல், பி.எஸ்.4 டீசல் கார் ரெண்டும் டெல்லி, குருகிராம், ஃபரிதாபாத், காசியாபாத், நொய்டா ரோட்டுல ஓடக் கூடாது. மாட்டினா 20,000 ரூபா அபராதம். அதாவது 2019-ல வாங்கின கார், வயசு சரி, பேப்பர் சரி, இ.எம்.ஐ.யும் போகுது, ஆனா கார் பார்க்கிங்ல நிக்குது, நீங்க கேப்ல ஆபீஸ் போறீங்க. நொய்டாவுக்கோ குருகிராமுக்கோ டிரான்ஸ்ஃபர் ஆகி, இங்கிருந்து பழைய டீசல் காரை எடுத்துட்டுப் போகலாமான்னு யோசிக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

இப்போ நம்ம கணக்கு

இங்க வாங்குறவர் பக்கம் வருவோம். விலை வித்தியாசம் 1,70,000. கீழ வர்ற எண்கள் ஒரு உதாரணத்துக்குத்தான், உங்க வண்டிக்கு நீங்களே விசாரிச்சுப் போடுங்க.

லாரில ஏத்தி இறக்க 25,000. அடுத்தது பெரிய செலவு, தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. ஓனர் டெல்லில கட்டின வரி இங்க செல்லாது. நம்ம ஊர்ல புது காருக்கே 2023 நவம்பர்ல இருந்து விலையைப் பொறுத்து 12-ல இருந்து 20 சதவீதம் வரை வரி; பழைய வண்டிக்கு வயசுக்கு ஏத்த மாதிரி குறைச்சுப் போடுவாங்க. 60,000-ன்னு வச்சுக்கலாம். என்.ஓ.சி., பெயர் மாற்றம், புது நம்பர், ஏஜென்ட்னு 15,000. வந்ததும் டயர், சர்வீஸ் 25,000. மொத்தம் 1,25,000. மிச்சம் 45,000.

அந்த 45,000 முழுசா கைல நிக்குமா? கடன் வாங்கிக் கார் எடுக்கிறவருக்கு நிக்காது. வெளி மாநில நம்பர்ல இருக்கிற வண்டிக்கு கார் லோன் குடுக்க நிறைய பேங்க் தயங்கும். உடனே பர்சனல் லோன் பக்கம் போவீங்க. 4 லட்சம், 4 வருஷம்: 12 சதவீதத்துல இ.எம்.ஐ. 10,533, 15 சதவீதத்துல 11,132. மாசம் 600 ரூபாதானேன்னு தோணும். 48 மாசத்துக்கு சுமார் 28,700. இப்போ மிச்சம் 16,000 சொச்சம். மூணு வருஷம் கழிச்சு நீங்க விக்கும்போது "இது டெல்லி வண்டியா சார்?"னு கேட்டு ஒருத்தர் விலையைக் குறைப்பாரு பாருங்க, அதுல அந்தப் பதினாறும் போயிடும்.

விலை வித்தியாசம் 3 லட்சம், கைக்காசு போட்டு வாங்குறீங்க, ஏழெட்டு வருஷம் நீங்களே ஓட்டப் போறீங்கன்னா கணக்கு வேற மாதிரி வரலாம். அதனால வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை.

அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி

எம்.பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டுப் பாருங்க. ஆர்.சி. உயிரோட இருக்கா, எந்த பி.எஸ். தரம், லோன் பாக்கி இருக்கா, அபராதம் இருக்கா, எல்லாம் தெரியும். டெல்லி டீசல் கார் 10 வருஷத்தைத் தாண்டி ஆர்.சி. ரத்தாகியிருந்தா அதை விட்டுட்டு அடுத்த வண்டியைப் பாருங்க. செல்லாத ஆர்.சி.யோட ஓட்டி விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் கிடைக்கிறது பெரும்பாடு.

என்.ஓ.சி. உங்க ஊர் ஆர்.டி.ஓ. பெயருக்கே எடுத்திருக்கணும். மதுரைக்கு எடுத்ததை வச்சு கோயம்புத்தூர்ல பதிய முடியாது. "வண்டி எடுத்துக்கோங்க, என்.ஓ.சி. பத்து நாள்ல வந்துரும்"னு டீலர் சொன்னா, "வந்ததும் மிச்சப் பணம் தர்றேன்"னு நீங்க சொல்லுங்க. லோன் முடிஞ்ச வண்டின்னா படிவம் 35-ம் பேங்க் கடிதமும் கைக்கு வரணும். இங்க கொண்டுவந்து 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா புது நம்பர் வாங்கியே ஆகணும். வரி கேக்க அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டாங்க.

அடிக்கடி மாநிலம் மாறுற வேலைன்னா புது காருக்கு பி.எச். நம்பர் கேட்டுப் பாருங்க. நாலு மாநிலத்துக்குக் குறையாம ஆபீஸ் இருக்கிற தனியார் கம்பெனி ஊழியருக்கும் இது கிடைக்கும். வரியும் மொத்தமா கட்ட வேண்டாம், ரெண்டு ரெண்டு வருஷமா கட்டலாம். உங்க எச்.ஆர்.கிட்ட படிவம் 60 கேளுங்க, அவங்க கையெழுத்துப் போட்டுத் தரணும்.