காஸ் ஹீற்றரும் காபனோரொட்சைட்டு அலாரமும்

ஊரில் ஆடிப்பிறப்பு என்றால் கூழும் கொழுக்கட்டையும். இங்கே மெல்பேணில் ஆடி என்றால் எலும்பு வரை இறங்கும் குளிர். யன்னல்களை இறுகச் சாத்தி, கதவின் கீழே துணியைச் சுருட்டி அடைத்து, காஸ் ஹீற்றரைப் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்கும் காலம் இது. அந்த அடைத்த வீட்டைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் மாமிக்கு ஓயாத தலையிடி. வயிற்றைப் பிரட்டும், உடம்பு சோரும்; ஆனால் காய்ச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தால் சுகம், வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரத்தில் திரும்பவும் தலையிடி. பிள்ளையாரின் அருள் என்று மாமி சொன்னார், நாமும் தலையாட்டினோம். ஒரு ஞாயிறு மத்தியானம், காலையிலிருந்து சமையல் நடந்துகொண்டிருந்தபோது, வரவேற்பறைச் சுவரில் மகள் வாங்கிப் பொருத்தியிருந்த சிறிய அலாரம் கத்தத் தொடங்கியது. தாளிச்ச புகைக்குத்தான் கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றப் போனோம். மகள்தான் தடுத்தாள். "அது புகை அலாரம் இல்லை அப்பா, நம்பரைப் பாருங்கோ." நம்பர் 52 என்று காட்டியது. எல்லோரும் வெளியே வந்து குளிரில் நின்றோம்.

அன்று கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறோம்.

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. காஸ் கசிந்தால் மணக்குமே என்று சிலர் சொல்வார்கள். அந்த மணம் எரியாத காஸுக்குக் கம்பனிகள் கலந்துவிடும் மணம். காஸ் எரியும்போது போதிய காற்று இல்லாவிட்டால் உண்டாகும் இந்த நச்சு வாயுவுக்கு அது இல்லை. இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினை இது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேலான பலத்துடன் பற்றிக்கொள்ளும். ஒட்சிசனுக்கு இடமில்லாமல் போகிறது. கோவிட் காலத்தில் பலரும் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் கருவியை நம்பவேண்டாம். சாதாரணக் கருவிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. ஆபத்தான நிலையிலும் நல்ல எண்ணையே காட்டக்கூடும். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தால்தான் தெரியும்.

இனி ஹீற்றருக்கு வருவோம். விக்டோரியாவின் பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவரோடு நிற்பவை, அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து எரித்து, கழிவுப் புகையைக் குழாய் வழியே கூரைக்கு மேலே அனுப்புபவை. வெளிக்காற்றையே எடுத்து வெளியே விடும் மூடிய வகையும் உண்டு. இந்த விடயத்தில் அது பாதுகாப்பானது. உங்களிடம் இருப்பது எது என்று சேர்விஸுக்கு வருபவரிடம் கேட்டு வையுங்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது முதல் வகை. வந்த காஸ் பிற்றர் முதலில் சோதித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு குசினியின் எக்சோஸ்ற் பானையும் குளியலறைப் பானையும் போட்டு, கதவு யன்னல்களைச் சாத்திவிட்டுத் திரும்பச் சோதித்தார். கூரைக்குப் போகவேண்டிய புகை அறைக்குள் இறங்கியது. விளக்கம் எளிது. பான்கள் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகின்றன. அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வரவேண்டும். எல்லா இடுக்குகளையும் நாம் அடைத்துவிட்டதால், திறந்திருக்கும் ஒரே வழி ஹீற்றரின் புகைக்குழாய். அதன் வழியே கழிவுப் புகை திரும்பி வருகிறது. அதையே ஹீற்றர் மீண்டும் இழுத்து எரிக்க, ஒட்சிசன் குறைந்து, நச்சு வாயு இன்னும் கூடுகிறது.

நமது வீடுகளின் சமையலை நினைத்துப் பாருங்கள். மீன் பொரித்தால் பான், மிளகாய் வறுத்தால் பான், விருந்தென்றால் காலை முதல் மாலை வரை பான். மணம் போகவேண்டும் என்று இரண்டையும் ஒன்றாகப் போடுவோம். 2017 இல் கிறீன்ஸ்பரோவில் அரச வீட்டில் தனியே வசித்த ஒரு பெண் இறந்தது இந்த எக்சோஸ்ற் பான் சிக்கலால்தான் என்று மரண விசாரணையில் தெரிந்தது. அதற்கு முன், 2010 மே மாதம், ஷெப்பார்ட்டனுக்கு அருகே வாடகை வீடொன்றில் தூக்கத்திலேயே இரு சிறு சகோதரர்கள் காஸ் ஹீற்றர் நச்சுவாயுவால் இறந்தார்கள். ஆகவே ஹீற்றர் எரியும்போது பானைப் போட்டால் ஒரு யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். குளிர் வரும், வரட்டும். சுவரிலுள்ள காற்றுத் துளைகளை அடைக்கவே கூடாது.

அலாரம் வாங்கும்போது பெட்டியில் ஈ.என். 50291 அல்லது யூ.எல். 2034 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைக் காட்டும் சிறு திரை உள்ளது நல்லது. புகை அலாரம் வேறு, இது வேறு, இரண்டும் வேண்டும்.

எங்கே பொருத்துவது? ஊரில் சிலிண்டர் காஸ் தரையில் படியும் என்று கேள்விப்பட்டதால் பலர் இதையும் தரையோரம் வைக்கிறார்கள். காபனோரொட்சைட்டின் பாரம் ஏறக்குறையக் காற்றின் பாரமே. சூடான காற்றோடு மேலெழுந்து அறையெங்கும் கலக்கும். ஹீற்றர் உள்ள அறையில் அதிலிருந்து 1 முதல் 3 மீற்றர் தூரத்தில், கதவு யன்னலின் மேல் விளிம்புக்கு மேலே, கூரையிலிருந்து 15 சென்ரிமீற்றராவது கீழே சுவரில் பொருத்தலாம். படுக்கையறையில் என்றால் தலையணை உயரம், அதாவது மூச்செடுக்கும் உயரம். திரைச்சீலைக்குப் பின்னால், பானுக்குப் பக்கத்தில், நீராவி அடிக்கும் இடத்தில் வேண்டாம். கருவியோடு வரும் குறிப்பு வேறாகச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். சாமியறைக்கு அருகிலும் தவிர்ப்பது நல்லது. சாம்பிராணிக்குக் கரி மூட்டினால் அதுவும் இதே வாயுவைத்தான் விடும்; யன்னலைத் திறந்து தூபம் காட்டுங்கள். பார்பிகியூ அடுப்பை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ ஒருபோதும் கொண்டுவராதீர்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மாதம் ஒருமுறையாவது, நாங்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி, பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் பற்றரியையும் ஒலியையும் மட்டுமே சோதிக்கிறது. வாயுவை உணரும் பகுதி வேலை செய்கிறதா என்று அது சொல்லாது. அந்தப் பகுதி காலப்போக்கில் தேய்ந்துபோகும். மாதிரியைப் பொறுத்து 5 முதல் 10 வருடம். பின்பக்கத்தில் முடிவுத் திகதி இருக்கும். அதைப் பெரிய எழுத்தில் முன்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். வக்குயூமின் மென் தூரிகையால் தூசியை எடுங்கள், ஸ்பிறே ஒன்றும் அடிக்கவேண்டாம். இடைவிட்டு இடைவிட்டு ஒரு சின்னச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பற்றரி முடிகிறது, அல்லது கருவியே முடிகிறது. தொடர்ந்து உரத்துக் கத்தினால் வாயு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இந்தக் கருவி உடனே கத்தாது. ஐரோப்பியத் தரத்தின்படி, பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்தில்தான் ஒலிக்கும். 300 பங்கு என்றால் மூன்று நிமிடத்துக்குள். 30க்குக் குறைந்தால் பேசாமலே இருந்துவிடலாம். மாமியின் தலையிடி அலாரத்துக்கு முன்னரே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது, நமக்குத்தான் விளங்கவில்லை. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், இருதய நோயாளர் விரைவில் பாதிக்கப்படுவர். அதனால் அலாரம் இருக்கிறதே என்று சேர்விஸைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வீட்டுக் காஸ் உபகரணங்களைச் சேர்விஸ் செய்யத் தகுதி பெற்ற லைசென்ஸ் உள்ள காஸ் பிற்றரைக் கூப்பிட்டு, பான்களைப் போட்டபடி காபனோரொட்சைட்டுச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தெரிந்தவர் மலிவாகச் செய்வார் என்பது இந்த விடயத்தில் வேண்டாம். 2021 மார்ச் 29க்குப் பின் தொடங்கிய வாடகை ஒப்பந்தங்களில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்விப்பது வீட்டுக்காரரின் கடமை. கடைசியாகச் செய்த திகதியை ஏஜண்டிடம் எழுத்தில் கேட்கலாம். கேட்டால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்கள் என்று புதிதாக வந்த பிள்ளைகள் பயப்படுகிறார்கள்; இது சட்டம் தந்த உரிமை.

அலாரம் கத்தினால் ஹீற்றரை நிறுத்துங்கள், போகும் வழியில் கதவுகளைத் திறந்துவிடுங்கள், எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். யாருக்காவது தலையிடி, சத்தி, மயக்கம் என்றால் 000. டொக்டரிடம் "காபன் மொனொக்சைட்" என்ற சொல்லை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிட இடமுண்டு. காற்று வந்துவிட்டது, சத்தம் நின்றுவிட்டது என்று ஹீற்றரைத் திரும்பப் போடவேண்டாம். காஸ் பிற்றர் பார்த்த பிறகுதான்.

எங்கள் ஹீற்றரைக் கழற்றிவிட்டு மின்சார ஸ்பிளிற் சிஸ்டம் போட்டோம். சுடுதண்ணீர் இன்னும் காஸில்தான், அலாரமும் சுவரில்தான். மாமி ஊருக்குப் போய்விட்டார். தலையிடி இல்லை என்று போனில் சொல்கிறார்.

இதன் ஆங்கிலச் சுருக்கம் பிள்ளைகளுக்காக அடுத்த பக்கத்தில் உள்ளது. வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டலாம். வரும் ஞாயிறு பூசைக்குப் பின் அன்னதான மண்டபத்தில் ஒரு அலாரத்தைக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்து காட்டுவோம். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டுப் பழக வீட்டிலுள்ள முதியவர்களையும் அழைத்து வாருங்கள்.