யப்பானிய அதிவேகக் கார்களும் 280 பரிவலு வரம்பும்

யப்பானிய மோட்டார் வண்டி என்றதும் எம்மவர் மனத்தில் முதலில் எழுவது சிக்கனம் என்னும் எண்ணமே. எரிபொருள் குறைவாக உண்ணும், எளிதிற் பழுதுபடாது, பழையதாய் வாங்கினும் பல ஆண்டு உழைக்கும். எமது நாட்டு வீதிகளில் ஓடும் கார்களை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வெண்ணம் பிழையெனத் தோன்றாது. ஆயினும் இதே கம்பனிகள், ஒன்றையொன்று விஞ்சவேண்டும் என்னும் வேட்கையால், இத்தாலியரும் ஜேர்மனியருமே வல்லவர் எனக் கருதப்பட்ட அதிவேகக் கார்த் தொழிலிற் புகுந்து, அவர்களையும் வியக்கச் செய்த வரலாறு ஒன்றுண்டு. அவ்வரலாற்றின் நடுவே ஒரு விசித்திரமும் உளது. போட்டி மிகக் கடுமையாயிருந்த காலத்திலேதான், போட்டியாளர் யாவரும் ஒருங்கு கூடித் தம் எஞ்சின்களின் வலுவுக்குத் தாமே ஒரு வரம்பு கட்டிக்கொண்டனர். ஓட்டக்காரர் எல்லாரும் ஒரே நீளக் கயிற்றாற் கால்களைக் கட்டிக்கொண்டு ஓடப் புகுந்தமை போன்ற இச்செயல், போட்டியை எவ்வழியிற் செலுத்தியது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

போட்டியின் தொடக்கத்தை 1964 ஆம் ஆண்டிற் காணலாம். அவ்வாண்டு சுசுக்கா ஓட்டப் பாதையில் நடைபெற்ற இரண்டாவது யப்பானிய கிராண்ட் பிறீ போட்டிக்கு, பிரின்ஸ் என்னும் கம்பனியார் தமது ஸ்கைலைன் காரின் முன்புறத்தை நீட்டி, அதனுள் ஆறு உருளைகளையுடைய எஞ்சினை அடக்கிக் கொண்டுவந்தனர். வெற்றி ஜேர்மனியின் போர்ஷே 904 க்கே கிடைத்தது. எனினும் ஒரு சுற்றில் ஸ்கைலைன் ஒன்று அதனை முந்தி ஓடியதும், இரண்டாம் இடந்தொட்டு ஆறாம் இடம் வரை ஸ்கைலைன் கார்களே பெற்றதும் யப்பானியர்க்குப் பெருமிதம் தந்தன. 1966 இல் பிரின்ஸ் கம்பனி நிசானுடன் இணைந்தது. 1969 இல் நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். என்னும் காரை வெளியிட்டது. டொயோட்டாக் கம்பனியாரோ யமஹாவின் துணைகொண்டு 2000 ஜி.டி. என்னும் அழகிய காரை 1967 இல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அது 350 அளவிலேயே செய்யப்பட்டது. பின்னர் வந்த எண்ணெய் நெருக்கடியும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் இம்முயற்சிகளை அடக்கின. இரண்டாவது தலைமுறை ஜி.டி.ஆர். 1973 இல் 197 கார்களோடு நின்றது.

எண்பதுகளின் இறுதியிலே யப்பானிய நாணயம் பெருமதிப்புற்றிருந்தது. கம்பனிகளின் களஞ்சியத்திற் பொருளும் நிறைந்திருந்தது. எஞ்சின் வலு ஆண்டுக்காண்டு ஏறியது. அதே வேளையில் வீதிச் சாவுகளும் ஏறின. 1970 இல் 16,765 பேர் யப்பானிய வீதிகளில் மாண்டனர். “போக்குவரத்துப் போர்” என்னும் தொடர் அந்நாட்டில் வழங்கலாயிற்று. பின்னர் பெரிதும் குறைந்த இத்தொகை, 1988 இல் மீண்டும் 10,000 ஐத் தாண்டியது. அரசாங்கம் சட்டம் இயற்றுமுன் தாமே அடங்கிக் காட்டுவது நன்றென உற்பத்தியாளர் சங்கத்தார் கருதினர். எந்தக் காரின் எஞ்சினும், யப்பானியர் கைக்கொள்ளும் மெற்றிக் கணக்கில், 280 பரிவலுவுக்கு மேற்பட்டதாக உள்நாட்டில் விற்கப்படலாகாது என 1989 இல் உடன்பாடு ஏற்பட்டது. உள்நாட்டுக் கார்கள் மணிக்கு 180 கிலோமீற்றரோடு வேகம் கட்டுப்படும்படி செய்யப்படும் வழக்கமும் இருந்தது. இவ்வுடன்பாடு சட்டமன்று, கனவான்கள் தம்முட் கொடுத்துக்கொண்ட வாக்குறுதியே.

வலு யாவர்க்கும் ஒன்றாயின், ஒருவர் மற்றவரை வெல்லுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு ஹொண்டாவும் நிசானும் கூறிய விடைகள் முற்றிலும் வேறானவை, இரண்டும் கற்கத்தக்கவை.

ஹொண்டாவின் விடை பாரக் குறைப்பு. 1989 பெப்ரவரியில் சிக்காகோக் காட்சியில் அறிமுகமாகி, 1990 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த என்.எஸ்.எக்ஸ். என்னும் காரின் உடல் முழுவதும் அலுமினியத்தால் அமைந்தது. பெருந்தொகையாய்ச் செய்யப்படும் கார் ஒன்றுக்கு அத்தகைய உடல் அமைந்தது அதுவே முதன்முறை. உருக்கினாற் செய்திருப்பின் இருக்கக்கூடிய பாரத்தில் நூற்றுக்கு 40 அளவு இதனாற் குறைந்தது. அலுமினியத்தை உருக்கிப் பொருத்துவது உருக்குத் தகட்டைப் பொருத்துவது போல் எளிதன்று. அது வெப்பத்தையும் மின்னையும் விரைந்து கடத்துவதால், ஒட்டவேண்டிய இடத்தில் வெப்பம் தங்காது ஓடிவிடும். வேண்டிய மின்னோட்டமோ மிகப் பெரிது. ஆகவே இக்காருக்கென டொச்சிகி மாகாணத்திலே தனித் தொழிற்சாலை ஒன்றை ஹொண்டா நிறுவவேண்டியதாயிற்று.

எஞ்சினிலும் அதே நோக்கு. மூன்று லீற்றர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் உடைய அது, டேர்போவின் உதவியின்றியே 280 பரிவலுவை எட்டியது. இஃது எவ்வாறு கூடிற்று? எஞ்சின் மெதுவாய்ச் சுழலும்போது வால்வுகள் சிறிதளவு, குறுகிய நேரம் திறந்தாற் போதும்; விரைந்து சுழலும்போதோ அவை அகலத் திறந்து நெடுநேரம் நிற்றல் வேண்டும். ஒரே நெம்புருளால் இரண்டையும் செய்தல் இயலாது. ஒன்றுக்கு ஏற்றது மற்றதற்கு ஒவ்வாது. ஹொண்டாப் பொறியியலாளர் இரண்டுக்கும் வெவ்வேறு நெம்புருள்களை ஒரே தண்டில் அமைத்தனர். நிமிடத்திற்கு 5,800 சுழற்சிகள் அளவில், எண்ணெயின் அமுக்கம் ஒரு சிறு முளையைத் தள்ளி ஆடுபுயங்களைப் பூட்ட, அக்கணமே பெரிய நெம்புருள் வேலையை ஏற்றுக்கொள்ளும். சுழற்சி 8,000 வரை ஏறும். அவ்வேகத்தில் முசலங்களைத் தாங்கும் இணைப்புக் கோல்கள் பாரமாயிருப்பின் எஞ்சினைச் சிதைத்துவிடும்; ஆதலால் அவை தைற்றேனியத்தாற் செய்யப்பட்டன. இதுவும் விற்பனைக் கார்களில் முதன்முறை எனப்படும்.

இக்காரைச் சுசுக்காவில் ஓட்டிப் பார்த்த உலக வெற்றி வீரர் அயர்ட்டன் சென்னா, உடல் போதிய உறுதியுடையதாய்த் தமக்குத் தோன்றவில்லை எனக் கூறினார். தலைமைப் பொறியியலாளர் ஷிகேரு உயெஹாராவின் குழுவினர் அவ்வார்த்தையைப் புறந்தள்ளவில்லை. ஜேர்மனியின் நியூர்பர்க்ரிங் பாதைக்குக் காரைக் கொண்டுசென்று, ஓட்டுவதும் திருத்துவதுமாய்ப் பல மாதம் உழைத்து, உடலின் விறைப்பை ஏறத்தாழ 50 வீதம் உயர்த்தினர். புகழுரை வேண்டி அழைத்த ஒருவர் குற்றம் கூறியபோது அதனை வேலைத்திட்டமாக ஏற்றுக்கொண்ட இம்மனப்பாங்கு, என் கருத்தில், அலுமினிய உடலினும் அரிது.

நிசானின் விடை வேறு. 1989 இல் மீண்டும் பிறந்த ஸ்கைலைன் ஜி.டி.ஆர். உருக்கு உடலுடையது, நான்கு பேர் அமரத்தக்க சாதாரணக் காரின் வடிவினது. ஓட்டப் போட்டியில் வெல்லுவதே அதன் நோக்கம். அதன் எஞ்சின் கொள்ளளவு 2,568 கன சென்ரிமீற்றர் என்பது விநோதமான எண்ணாய்த் தோன்றலாம். “ஏ” பிரிவுப் போட்டி விதிகளின்படி, டேர்போ உடைய எஞ்சினின் கொள்ளளவு 1.7 ஆற் பெருக்கப்படும். பெருக்கிப் பார்க்கும் மாணவர் 4,366 என விடை காண்பர். 4,500 எல்லையுள் அடங்கவேண்டும் என்பதற்காகவே அவ்வெண் தெரிந்துகொள்ளப்பட்டது.

அக்காரின் உண்மையான நுட்பம் எஞ்சினில் அன்று, சில்லுகளிலே உளது. இயல்பான ஓட்டத்தில் பின் சில்லுகள் மட்டுமே உந்தும். பின் சில்லுகள் வழுக்கத் தொடங்குவதை உணர்கருவிகள் அறிந்தவுடன், பல தட்டுக்களாலான பிடிப்பு ஒன்றை எண்ணெய் அமுக்கம் இறுக்கி, வேண்டிய அளவு உந்துவிசையை முன் சில்லுகளுக்கு அனுப்பும். மிகக் கூடியது சரிபாதி. வளைவிலே பின்சில்லுக் காரின் சுறுசுறுப்பும், வெளியேறுகையில் நாற்சில்லுக் காரின் பற்றும் ஒருங்கே வாய்த்தன. விளைவு யாதெனின், 1990 முதல் 1993 வரை யப்பானியச் சுற்றுக் கார்ப் போட்டிகள் இருபத்தொன்பதிலும் ஜி.டி.ஆர். கார்களே வென்றன. அவுஸ்திரேலியாவின் பதேர்ஸ்ற் போட்டியை 1991 இலும் 1992 இலும் வென்றபோது அந்நாட்டார்க்கு மகிழ்ச்சி இருக்கவில்லை. அவர்கள் இக்காருக்கு முன்னமே இட்டிருந்த பெயர் “கொட்சில்லா”; யப்பானியத் திரைப்படத்தில் நகரங்களை மிதித்தழிக்கும் பூதத்தின் பெயர் அது.

இரண்டையும் ஒப்பிடுவோம். என்.எஸ்.எக்ஸ். 1,350 கிலோகிராம், ஜி.டி.ஆர். 1,430 கிலோகிராம். 280 ஆல் வகுப்பின் ஒவ்வொரு பரிவலுவும் சுமக்கும் பாரம் முறையே 4.8, 5.1 கிலோகிராம் ஆகும். இவ்வளவு சிறிய வேற்றுமைக்காக ஒரு கம்பனி புதுத் தொழிற்சாலை கட்டியது. மற்றது அவ்வேற்றுமையைப் பொருட்படுத்தாது, வலுவை நிலத்திற்கு ஒழுங்காய்ச் சேர்ப்பதிற் கருத்தூன்றியது. வரம்பு இல்லாதிருப்பின், இரு கம்பனியாரும் பெரிய எஞ்சினையே நாடி ஓடியிருப்பர் என்பது என் துணிபு. தடையே சிந்தனையைப் பிரித்து வளர்த்தது.

ஆனால் வரம்பின் மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. நாளடைவில் 280 என்பது பத்திரத்தில் எழுதும் எண்ணாயிற்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த சில எஞ்சின்களை அளந்து பார்த்தோர், அவை அவ்வெண்ணை மீறியிருக்கக் கண்டனர். கம்பனிகள் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. உயிர்ச் சேதத்தைக் குறைப்பதற்கென எழுந்த வாக்குறுதி அப்பணியையேனும் செய்ததா? வீதிச் சாவுகள் 1992 இல் 11,000 ஐயும் தாண்டிய பின்னரே இறங்கத் தொடங்கின. ஆசனப் பட்டியும், காற்றுப் பையும், மதுவருந்தி ஓட்டுவோர்க்கு விதித்த கடுந்தண்டனையும் செய்த நன்மையோடு ஒப்பிடின், விலையுயர்ந்த சில கார்களின் வலுவைக் கட்டியதன் பயன் சிறிதேயாதல் வேண்டும். சாதாரண மக்கள் மாண்டது சாதாரணக் கார்களிலும், நடந்து செல்கையிலும் அன்றோ. 2004 இல், ஆண்டுச் சாவுகள் 8,000 க்குக் கீழே வந்துவிட்ட நிலையில், உடன்பாடு கைவிடப்பட்டது. அவ்வாண்டே ஹொண்டாவின் லெஜெண்ட் 300 பரிவலுவுடன் விற்பனைக்கு வந்தது.

கட்டு அவிழ்ந்தபின் நிசான் 2007 இல் வெளியிட்ட புதிய ஜி.டி.ஆர். 480 பரிவலு உடையது. யோக்கோஹாமாத் தொழிற்சாலையில், தூசு புகாத அறையிலே, கைதேர்ந்த வினைஞர் ஒருவரே ஒரு எஞ்சினைத் தொடக்கம் முதல் முடிவு வரை பூட்டித் தம் பெயர்த் தகட்டையும் அதிற் பதிப்பர். பாரமோ 1,740 கிலோகிராம். டயர்கள் நிலத்தைப் பற்றப் பாரம் வேண்டும் என அதன் தலைமைப் பொறியியலாளர் கசுத்தோஷி மிசுனோ வாதித்தார். பௌதிகம் பயிலும் மாணவர் இவ்வாதத்தை ஆராய்தல் நன்று. உராய்வு விசை செங்குத்து மறுதாக்கத்திற்கு விகிதசமமாதலின், பாரம் கூடப் பற்றும் கூடும் என்பது மெய். ஆனால் வளைவிலே திருப்பப்படவேண்டிய திணிவும் அதே வீதத்திற் கூடுகின்றது. நயம் ஒன்றும் எஞ்சாது. மேலும் இறப்பர் டயரின் உராய்வுக் குணகம் பாரம் ஏற ஏறச் சற்றே இறங்கும். ஆதலால் கொள்கையளவில் ஹொண்டாவின் பக்கமே நியாயம் உளது. எனினும் அக்கனத்த கார் 2008 இல் நியூர்பர்க்ரிங் பாதையை 7 நிமிடம் 29 விநாடியிற் சுற்றியதாக நிசான் அறிவித்தது. போர்ஷேக் கம்பனியார் தாமே ஒரு ஜி.டி.ஆரை வாங்கி ஓட்டிப் பார்த்து, 7 நிமிடம் 54 விநாடியே கிடைத்தது என வழக்காடினர். நிசான் அதனை மறுத்தது. 1964 இல் ஒரு சுற்று முந்தப்பட்ட போர்ஷேயார், நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின் யப்பானியக் காரை ஓட்டி அளக்கும் நிலைக்கு வந்தனர் என்பதே இதில் நாம் கவனிக்கத்தக்கது.

டொயோட்டா இப்போட்டியில் மிகப் பிந்தி, மிகுந்த பொருட்செலவுடன் நுழைந்தது. ஹருஹிக்கோ தனஹாஷியின் தலைமையில் 2000 அளவில் தொடங்கிய லெக்சஸ் எல்.எப்.ஏ. முயற்சி, பத்தாண்டு கழித்து 2010 டிசம்பரிலேயே உற்பத்திக்கு வந்தது. அலுமினிய உடலுடன் பாதிவழி சென்றபின் அதனைக் கைவிட்டுக் காபன் நார்க்கு மாறியமையே தாமதத்திற்கு ஒரு காரணம். காபன் நாரைக் குழாய் வடிவில் நெய்வதற்கு, சுற்றிலும் நூல் ஊட்டும் வட்டத் தறி ஒன்றை அக்கம்பனியார் தாமே அமைத்தனர். டொயோட்டாவின் மூலமுதல் தறியே என்பது பலர் அறியாதது. சக்கிச்சி டொயோடா கண்டமைத்த தானியங்கித் தறியின் உரிமையை 1929 இல் இங்கிலாந்தின் பிளாற் சகோதரர் கம்பனிக்கு விற்ற காலத்திலேயே, அவர் மைந்தர் கீச்சிரோ மோட்டார் வண்டி ஆராய்ச்சியில் இறங்கினார். எண்பதாண்டுகளின் பின் அக்குடும்பத் தொழில் காரின் உடலுக்குள்ளேயே திரும்பி வந்தது.

பத்து உருளைகளையுடைய அதன் எஞ்சினை, 2000 ஜி.டி. காலத்திற் போலவே, யமஹாவுடன் கூடிச் செய்தனர். அது 0.6 விநாடியில் 9,000 சுழற்சிக்கு ஏறிவிடுமாதலால், சாதாரண முள்ளால் அதனைப் பின்தொடர முடியாதெனக் கண்டு, முள்ளைத் திரையிலே வரைந்து காட்டினர். விலை 3 கோடியே 75 இலட்சம் யென். 77 இலட்சத்து 70 ஆயிரம் யென்னுக்குத் தொடக்கத்தில் விற்கப்பட்ட ஜி.டி.ஆரின் ஏறத்தாழ ஐந்து மடங்கு. நாளொன்றுக்கு ஒரு கார் வீதம் 500 செய்து, 2012 டிசம்பரில் நிறுத்தினர்.

ஹொண்டா 2016 இல் என்.எஸ்.எக்ஸ். பெயரை மீண்டும் எடுத்தது. மூன்று மின் மோட்டார்களைத் துணையாகக் கொண்ட அக்கார் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திற் செய்யப்பட்டது. நுட்பத்தில் உயர்ந்ததேயெனினும், முதலாவதற்கு இருந்த எளிமை அதற்கு வாய்க்கவில்லை. 2022 இல் அதுவும் நின்றது. எஞ்சியிருந்தது ஜி.டி.ஆர். ஒன்றே. ஆண்டுதோறும் சிறு சிறு திருத்தம் பெற்றுப் பதினெட்டு ஆண்டு ஓடிய அதன் கடைசிக் கார், 48,000 அளவிற் செய்து முடிந்தபின், 2025 ஓகஸ்டில், முன்னொருகால் ஹொண்டா தன் அலுமினியக் காருக்கென ஆலை கட்டிய அதே டொச்சிகி மாகாணத்திலுள்ள நிசான் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.