உடல்வாகு மட்டும்தானா?

மகளுக்கு வயது 14. உடல் பருமன். தாயும் தந்தையும் பருமன்தான்.

"எங்கள் குடும்ப வாகு அப்படி" என்றார் தாய்.

"பாதி உண்மைதான், அம்மா" என்றார் செவிலியர். "பெற்றோர் பருமன் என்றால் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு அதிகம். உங்கள் பாட்டிக்கும் இதே வாகுதானே? அவர் பருமனா?"

"இல்லை. பாட்டி களை எடுப்பார். தண்ணீர் சுமப்பார்."

அரசு கணக்கெடுத்தது. 2005-06இல் நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எட்டுப் பேரில் ஒருவருக்கு அதிக எடை. 2019-21இல் நான்கு பேரில் ஒருவருக்கு. 15 ஆண்டில் வாகு மாறாது. சாப்பாடும் உழைப்பும்தான் மாறின.

அந்த வீட்டில் தினமும் மாலையில் பஜ்ஜி. மகளுக்கு மட்டும் கிடையாது. இரவுச் சோறும் பாதிதான். அவள் அழுவாள்.

"வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். எண்ணெயும் இனிப்பும் எல்லோருக்கும் குறையட்டும்" என்றார் செவிலியர்.

மறுநாள் மாலை தாய் சுண்டல் செய்தார். மூவரும் சாப்பிட்டார்கள். தந்தை பஜ்ஜி கேட்கவில்லை.