விளைபொருள் ஏற்ற டீசல் வேன்: எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை வாடாமல், நசுங்காமல், நேரத்தோடு சந்தையில் சேர்ப்பது மறுபாதி. ஆம்பூர்ப் பக்கத்து மல்லிகை, புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரி, பாலாற்றங்கரைத் தேங்காய், ஜவ்வாது மலைப் புளி ஆகியவை பெரும்பாலும் சிறு சரக்கு வேன்களில்தான் சந்தைக்குப் போகின்றன. காலையில் பறித்த மல்லிகை மொட்டு உரிய நேரத்தில் விலைபோகாவிட்டால் மலர்ந்து மதிப்பிழந்துவிடும். வண்டி வழியில் நின்றுவிட்டால் பறிப்புக் கூலிகூடக் கைக்கு வராது. கடன் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும். ஆகவே வேன் வாங்க எண்ணுவோர் வண்ணத்தையும் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன் எஞ்சினைப் பற்றிச் சில செய்திகளைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

முதலில் சுமையும் தூரமும்

எந்த எஞ்சின் நல்லது என்று கேட்பதற்கு முன், நம் வண்டி ஒரு நடைக்கு எத்தனை கிலோ ஏற்றும், நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், மேடு ஏறுமா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 700 கிலோ ஏற்றும் சிறிய வேன் லிட்டருக்கு 18 கி.மீ. தருகிறது என்றும், 1,300 கிலோ ஏற்றும் பெரிய வேன் 14 கி.மீ. தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் சிறியதற்கு 833 லிட்டரும் பெரியதற்கு 1,071 லிட்டரும் டீசல் ஆகும். லிட்டர் 92 ரூபாய் எனக் கொண்டால் சிறியதில் ஏறத்தாழ 22,000 ரூபாய் மிச்சம். ஆனால் உங்கள் சரக்கு 1,200 கிலோ என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். போய்வர 50 கி.மீ. உள்ள சந்தைக்குச் சிறிய வண்டி இரண்டு நடை போக வேண்டும், அதற்கு 5.5 லிட்டருக்கு மேல் ஆகும். பெரியது ஒரே நடையில் 3.6 லிட்டரில் முடித்துவிடும்.

சிறிய வண்டியிலேயே அத்தனை சரக்கையும் திணித்து ஒரே நடையில் ஓட்டுவது எஞ்சின், கிளட்ச், பிரேக் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கெடுக்கும். எஞ்சின் சரியில்லை என்று வரும் புகார்களில் பல, உண்மையில் அதிகச் சுமையால் வந்தவையே.

எஞ்சின்களின் வகைகள்

2005-ல் வந்த டாட்டா ஏஸ், நம் மக்கள் வாயில் ‘குட்டி யானை’ ஆயிற்று. அதில் 702 சி.சி. கொள்ளளவும் இரண்டு சிலிண்டரும் கொண்ட, சுமார் 16 குதிரைத்திறன் உள்ள எஞ்சின் இருந்தது. கட்டமைப்பு எளியது, ஊர்ப் பட்டறையிலேயே கழற்றி மாட்டலாம். சமவெளியில் குறைந்த சுமைக்கு ஏற்றது.

2011-ல் அசோக் லேலண்ட் நிறுவனம் நிசானுடன் கூட்டாக ஒசூரில் தயாரித்து வெளியிட்ட தோஸ்த் வண்டியில் 1,478 சி.சி., மூன்று சிலிண்டர், டர்போ உள்ள காமன் ரெயில் எஞ்சின் அமைந்தது. மகிந்திரா பொலிரோ பிக்கப் வகைகளில் 2,523 சி.சி., நான்கு சிலிண்டர் எஞ்சின் உண்டு. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரிச் சாலையிலோ ஜவ்வாது மலையிலோ சுமையுடன் ஏறுவோருக்கு இவ்வகை இழுவிசை கூடிய எஞ்சின்களே பொருந்தும். சிறிய எஞ்சினை நாள்தோறும் முழு மூச்சில் மலையேற வைத்தால் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போகும் வாய்ப்பு மிகுதி.

பழைய முறையில் டீசலைச் செலுத்துவது இயந்திரப் பம்ப். காமன் ரெயில் முறையில் மிக உயர்ந்த அழுத்தத்தில், கணினிக் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கப்படுகிறது. இழுவிசை கூடும், புகையும் குறையும். ஆனால் இதன் இன்ஜெக்டர்கள் நுண்ணிய இடைவெளி கொண்டவை. டீசலில் சிறிது நீரோ தூசியோ கலந்தாலும் பழுதாகும். சரிசெய்யக் கணினிக் கருவி உள்ள பட்டறை தேவை. பம்ப் செட்டுக்காகக் கேனில் நாட்கணக்கில் வைத்திருந்த டீசலை இவ்வண்டிகளில் ஊற்றவே கூடாது.

பி.எஸ்.6 வண்டிகளில் கவனிக்க வேண்டியவை

2020 ஏப்ரல் முதல் நாட்டில் புதிதாக விற்கும் வண்டிகள் யாவும் பி.எஸ்.6 தரத்தில் இருக்க வேண்டும். டீசலில் உள்ள கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இதனால் காற்று தூய்மையாகிறது; ஆனால் எஞ்சினோடு சில துணைக் கருவிகளும் சேர்ந்துள்ளன.

அவற்றுள் முக்கியமானது டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி. புகையில் உள்ள கரியை இது பிடித்து வைத்து, பின்னர் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்துவிடுகிறது. இவ்வளவு சூடு வர வண்டி சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். தோட்டத்திலிருந்து நான்கு கி.மீ. தொலைவில் உள்ள சந்தைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் வடிகட்டி சூடாவதற்குள் எஞ்சின் அணைக்கப்படும். கரி சேர்ந்து அடைத்துக்கொள்ளும். எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் அளவு உயர்வதும் உண்டு. ஆயில் குறையவில்லையே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அளவு கூடுவதும் நோயின் அறிகுறியே.

இதற்கு வழி எளிது. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிடம் சீராக ஓட்டுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி உடனே செய்யுங்கள். நாள்தோறும் மிகக் குறுகிய தூரமே ஓடுவோர், டீசல்தான் வேண்டுமா என்றும் எண்ணிப் பார்க்கலாம். பெட்ரோலில் ஓடும் சிறு வண்டிகளும் கிடைக்கின்றன.

வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைக்காதீர்கள்

சில பி.எஸ்.6 வண்டிகளில் டி.இ.எஃப். என்ற திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்ப வேண்டும். இது மிகத் தூய யூரியா 32.5 சதவீதமும் தூய்மைப்படுத்திய நீரும் கலந்தது. ‘யூரியாதானே, மூட்டையில் இருக்கிறதே’ என்று உழவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் 2015 முதல் நம் வயல் யூரியா முழுவதும் வேப்ப எண்ணெய் பூசப்பட்டே வருகிறது. அதில் பையூரெட்டும் பிற கலப்புகளும் உண்டு. இவை தெளிப்பானை அடைத்து, விலையுயர்ந்த வினையூக்கியைப் பாழாக்கும். மானிய யூரியாவை வேளாண்மை அல்லாத பயனுக்குத் திருப்புவது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும் ஆகும். வாங்கும் வண்டிக்கு இத்திரவம் தேவையா, அருகில் எங்கே கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள்.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

பழைய வண்டி வாங்குவோர் அதிகாலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

1. கரும்புகை தொடர்ந்து வந்தால் காற்று வடிகட்டி அடைப்பு அல்லது நாசில் பழுது. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே கசியலாம்.

2. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று வெளியே தள்ளக்கூடாது. தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன.

3. ஆயில் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது, அவ்வண்டியை விட்டுவிடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய மற்றொரு சோதனையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் பல வேன்கள் தோல் ஏற்றி ஓடியவை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க நிறைய உப்பு இடப்படுகிறது. அந்த உப்புநீர் வழிந்து வண்டியின் அடிப்பாகத்தில் தங்கிவிடும். எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சேசிஸ், பிரேக் குழாய், வில்லுப்பட்டை, மின் இணைப்புகள் ஆகியவற்றைத் துரு தின்றிருக்கும். பள்ளத்தில் நிறுத்தி அடியில் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அடியில் மட்டும் புதிதாகக் கருப்பு வண்ணம் பூசியிருந்தால் ஐயப்படுங்கள். தைத்த தோலோ காலணிப் பாகமோ ஏற்றிய வண்டிக்கு இக்குறை குறைவு. ஆகவே முன்பு என்ன சரக்கு ஏற்றியது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

நம்பகத்தை எப்படி அறிவது?

ஒரே வகை எஞ்சினை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய மூன்று பேரைத் தேடிப் பேசுங்கள். ‘வண்டி எப்படி?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் விடை வரும். மாறாக, சென்ற ஆண்டில் எத்தனை நாள் நின்றது, எதனால் நின்றது, உதிரிபாகம் எங்கிருந்து எத்தனை நாளில் வந்தது, செலவு எவ்வளவு என்று கேளுங்கள். லிட்டருக்கு இரண்டு கி.மீ. குறைவாகக் கொடுத்தாலும், பழுதானால் அன்றே சரியாகும் வண்டி, பூவும் காய்கறியும் ஏற்றுவோருக்கு மேலானது. தேங்காய், புளி போன்று இரண்டு நாள் பொறுக்கும் சரக்கு ஏற்றுவோர் எரிபொருள் சிக்கனத்துக்கு முதலிடம் தரலாம்.

பராமரிப்பும் ஆவணங்களும்

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் கோடையில் ரேடியேட்டர் தண்ணீரையும் பெல்ட்டையும் நாள்தோறும் பாருங்கள். மண்பாதையில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியைக் குறித்த காலத்துக்கு முன்பே துப்புரவு செய்யுங்கள். டீசல் வடிகட்டியின் அடியில் சேரும் நீரைத் தவறாமல் வடித்துவிடுங்கள். டர்போ உள்ள வண்டியை மலையேறி வந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. ஆனால் காப்பீடும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றும் கட்டாயம். தகுதிச் சான்றை எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டியின் விலையைப் பேசும்போது இச்செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: சுமைக்கேற்ற எஞ்சின், தூரத்துக்கேற்ற தொழில்நுட்பம், கைக்கெட்டும் பட்டறை என்ற மூன்றும் பொருந்தினால்தான் வண்டி வாங்க வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அடுத்த பருவம் வரை வாடகை வண்டியிலேயே அனுப்புவது நட்டமாகாது. பயிருக்கு விதைத் தேர்வு எப்படியோ, வண்டிக்கு எஞ்சின் தேர்வும் அப்படியே. தொடக்கத்தில் செய்த பிழையைப் பின்னர் எவ்வளவு செலவிட்டும் முழுவதும் சரிசெய்ய இயலாது.