பால்மரம் துளிர்க்கும் காலம்: சின்னப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள்



குளிர் நாடுகளில் பனி உருகி முதல் துளிர் விடும்போது, வீட்டுக்குள் அடைந்து கிடந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே வருவார்கள். நமக்குப் பனி ஏது, வசந்தம் ஏது என்று கேட்பீர்கள். பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு துளிர் காலம் உண்டு. ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை, இடத்துக்கு இடம் சற்று முன்பின்னாக, கித்தா மரம் மஞ்சளும் சிவப்புமாக இலையைக் கொட்டும். சில வாரம் மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் இளந்தளிர் வரும், கூடவே மணமுள்ள பொடிப்பூவும் வரும். பால் குறைந்துபோவதால் கையில் காசு குறையும் மாதங்கள் இவை. ஆனால் தாய் தகப்பனுக்குச் சற்று ஓய்வு கிடைப்பதும் அப்போதுதான். அந்த ஓய்வு நேரத்தில் பிள்ளையோடு வெளியே நடக்கலாமே.

"வெளியே விட்டா கறுத்துப் போயிடும், சளி புடிச்சிக்கும்" என்று பாட்டிமார் தடுப்பார்கள். இப்போது அதைவிடப் பெரிய தடை கைப்பேசி. பிள்ளை அழுதால் கையில் கொடுத்துவிடுகிறோம், அதுவும் சத்தமில்லாமல் கிடக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். ஒரே மூச்சில் வேண்டாம், அங்கங்கே பிரித்துச் செய்தால் போதும். ஒரு வயதுக்குள் திரையே கூடாது. இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு மிஞ்சக் கூடாது.

கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும். சீனாவில் குவாங்சோ நகரத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். முடிவு 2015-இல் வெளிவந்தது. மூன்று வருஷத்தில், வெளியே போன பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பிள்ளைகளில் சுமார் 40 பேருக்கு வந்தது. மூக்குக் கண்ணாடி வாங்கும் செலவை நினைத்தால், மாலை நடை எவ்வளவு மலிவு!

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். மற்ற மாதங்களில் நிழலாக இருக்கும் தோட்டம் இந்த வாரங்களில் வெட்டவெளி. இலை இல்லாத மரத்தடியில் நிழல் கிடையாது. வட மாநிலங்களில் மழையும் குறைவு. 2016 மார்ச்சில் வெப்பம் 37 பாகையைத் தாண்டியபோது பெர்லிஸிலும் கெடாவில் சில இடங்களிலும் பள்ளிகளையே மூடினார்கள். ஆகவே காலை பத்து மணிக்குள், அல்லது மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். தலைக்குத் தொப்பியும் உடம்புக்கு மெல்லிய பருத்திச் சட்டையும் போடுங்கள். சின்னப் பிள்ளை "தாகமா இருக்கு" என்று சொல்லத் தெரியாமல் விளையாடிக்கொண்டே இருக்கும். நீங்களாகவே அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். உடம்பு நெருப்பாகச் சுட்டு, பிள்ளை துவண்டு போனாலோ வலிப்பு வந்தாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சருகுக் குவியல் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். காலால் தள்ளிக்கொண்டு நடந்தால் சலசலவென்று சத்தம் வரும். ஆனால் கெடா, பெர்லிஸ் பக்கம் சருகு நிறத்திலேயே ஒரு குழிவிரியன் உண்டு. மலாய்க்காரர்கள் 'உலார் காப்பாக் போடோ' என்பார்கள். ஆள் வந்தாலும் விலகாமல் அப்படியே கிடக்கும். ஆகவே கூட்டி மெழுகிய பாதையில், பெரியவர் கம்போடு முன்னே நடக்க, பிள்ளை பின்னே வரட்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறி உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். சருகைக் கொளுத்தவும் வேண்டாம். புகை சின்ன மார்புக்கு ஆகாது.

காலில் சிலிப்பர் கட்டாயம். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். பிறகு குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். பிள்ளை வெளுத்துச் சோர்ந்திருந்தால் கிளினிக்கில் காட்டிப் பூச்சி மருந்து கேளுங்கள். மண் தின்கிற பிள்ளையை அடிக்காதீர்கள். இரும்புச் சத்துக் குறைந்தாலும் அப்படித் தின்னும். பழைய கித்தா விதை சருகுக்குள் கிடந்தால் வாயில் போடவிடாதீர்கள். தொண்டையில் அடைக்கும், பச்சையாகத் தின்றால் நஞ்சு.

மரத்தில் தொங்கும் மங்கு நமக்குப் பழகிப்போன பொருள். மழைத் தண்ணீர் நின்றால் அதிலேயே டிங்கிக் கொசு முட்டையிடும். பால் வெட்டு நிற்கும் நாட்களில் மங்கைக் கவிழ்த்து வையுங்கள், வாரம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இந்தக் கொசு காலையிலும் மாலையிலும் அதிகம் கடிக்கும். நாம் பிள்ளையை வெளியே கொண்டுபோகும் நேரமும் அதுதான். கைகால் மூடிய உடுப்புப் போட்டால் நல்லது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருப்பது களைக்கொல்லி மருந்துதான். ஒரு மடக்கு குடித்தாலே உயிரை வாங்கக்கூடிய பாராகுவாட்டை மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டார்கள். பழைய போத்தல் எந்தக் கொட்டகை மூலையில் கிடக்கிறதோ யார் கண்டது? கிளைபோசேட், குளுபோசினேட் இன்னும் தெளிக்கப்படுகின்றன. எனவே வெளியே கிளம்புமுன் மண்டோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இன்னைக்கு எந்தப் பக்கம் மருந்தடிக்கிறீங்க?" அந்தப் பக்கம் அன்றைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது. போத்தலில் ஒட்டியுள்ள தாளில் அதற்கு மேல் நாள் போட்டிருந்தால் அதன்படி நடங்கள். மருந்தடித்து வந்த தகப்பன், பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே குளித்து உடுப்பு மாற்ற வேண்டும். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். மிச்ச மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பது கொலைக்குச் சமம். பிள்ளைக்குப் படம்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பிள்ளையோடு அந்தப் போத்தலையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் டாக்டர் பினாங்கில் உள்ள தேசிய நச்சு மையத்தைக் கேட்டுச் சிகிச்சை செய்ய முடியும்.

இவ்வளவையும் படித்துவிட்டு "எதுக்கு வம்பு, உள்ளேயே இருக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இலை உதிர்வது இல்லாவிட்டாலும், லயத்து முன்வாசலும் கோயில் திடலும் இருக்கிறதே. பிள்ளையிடம் ஐந்து நிறத்தில் இலை பொறுக்கச் சொல்லுங்கள். எது பெரிது எது சிறிது என்று அடுக்கட்டும். எண்ணிக்கை தானாக வரும். நடக்கத் தெரியாத குழந்தையைப் பாய் விரித்துக் குப்புறப் படுக்கவிட்டு முன்னால் ஒரு தளிரை ஆட்டிக் காட்டினால், தலையைத் தூக்கிப் பார்க்கும். கழுத்துக்கு அதுவே பயிற்சி. வீடு திரும்பியதும் கைகாலைச் சோப்புப் போட்டுக் கழுவி, கால் விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சோறு போடுங்கள். அன்றைக்குப் பிள்ளை தட்டைத் தள்ளாது.