ரிப்போர்ட்டில் ஜீன், பீரோவில் ஜாதகம்

நம்பிக்கை: கட்டியில் ஜீன் கெட்டிருந்தால் அது பரம்பரை வியாதி, பிள்ளைகளையும் பிடிக்கும்.

உண்மை: சேலம் அஸ்தம்பட்டியில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடென்றால், அப்பாவின் இரைப்பைக் கட்டி ரிப்போர்ட் பீரோவில் ஜாதகத்துக்கு அடியில் போய்விடும். அதில் ‘டிபி53 பிறழ்வு’ என்று ஒரு வரி இருக்கிறதே! அந்த வரி பெரும்பாலும் மகளைப் பற்றியதே அல்ல.

டிபி53 எல்லோர் உடம்பிலும் உள்ள காவல் மரபணு. அம்மாப்பேட்டைத் தறிக்காரரிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்: ஊடை நூல் அறுந்தால் தறி நிற்க வேண்டும், நிற்காமல் ஓடினால் துணி பாழ். செல்லுக்குள் டிஎன்ஏ இழை அறுந்தால் இந்த மரபணு செல் பிரிவதை நிறுத்திவைக்கும். இழையைச் சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாகடித்துவிடும். இரைப்பைப் புற்றில் அடிக்கடி பழுதாவது இதுதான். ஆனால் பழுது விழுவது, அநேகமாக எப்போதும், இரைப்பைச் செல்லில், வாழ்நாளின் இடையில். கருமுட்டையிலோ விந்திலோ இல்லாத பழுது பிள்ளைக்குப் போக வழியில்லை.

நம்பிக்கை: இரைப்பைப் புற்று எல்லாம் காரம் செய்கிற வேலை.

உண்மை: தட்டுவடை செட்டை விட்டுவிடுங்கள், பாவம். மிளகாயைவிட வலுவான சாட்சியம் அதிக உப்புக்கும் புகைக்கும் எதிராக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. இரைப்பையில் புண்ணாக்குவது இதுதான் என்று காட்ட, ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984இல் கிருமியைத் தானே குடித்தார். 2005இல் நோபல் வாங்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இந்தக் கிருமியைப் புற்றுக் காரணிகளில் சேர்த்துவிட்டது. வருடக்கணக்கில் ஆறாத அழற்சியில் செல்கள் ஓயாமல் பிரிய, டிஎன்ஏயில் பிழைகள் சேர்கின்றன. கிருமி இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை என்பதும் உண்மை.

நம்பிக்கை: மகளுக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தால் நிம்மதி.

உண்மை: பரம்பரை வகை இரைப்பைப் புற்று நூற்றுக்கு 1 முதல் 3 வரைதான். 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் இதற்கான மரபணு சிக்கியது. பெயர் சிடிஎச்1, செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் புரதத்தைச் செய்வது. இளவயதில் பரவிப் படரும் (diffuse) வகை இரைப்பைப் புற்று, அதே குடும்பத்தில் இன்னும் சிலருக்கு இரைப்பைப் புற்று, பால்சுரப்பி மடலில் தொடங்கும் மார்பகப் புற்று என்று கண்டால்தான் இந்தச் சந்தேகம் எழ வேண்டும். அப்பாவின் ரத்தத்தில் சிடிஎச்1 பழுது தெரிந்தாலும், அது பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர், நோய் வந்த அப்பா.