ஓய்வும் ஒரு தம்மக் கடமையே



இம்மாதப் பாடத்திற்குரிய பொருள் ஓய்வு. சீலம், தானம், தியானம் ஆகியவற்றைக் கற்கவேண்டிய இடத்தில் ஓய்வைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் வினவலாம். பாலக்காட்டு எல்லையூர்களிலும் இடுக்கி மலைத்தோட்டங்களிலும் வாழும் நம்மவரை நோக்கி, "தம்ம வகுப்புக்கு ஏன் வருவதில்லை?" என்று கேட்டால், "நேரமில்லை" என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் விடையாக வருகிறது. அவ்விடை பொய்யன்று. ஆனால் தன் செயலைத் தானே எண்ணிப் பார்க்க நேரமில்லாதவன் சீலத்தை எங்ஙனம் காப்பான்? தன் மூச்சைக் கவனிக்க இடமில்லாதவன் தியானத்தை எங்ஙனம் பயில்வான்? ஆகவே ஓய்வு தம்மத்திற்குப் புறம்பானதன்று. தம்மம் நம் வீட்டினுள் நுழைவதற்குரிய வாயில் அது.

இப்பாடத்தில் கற்கவேண்டிய கருத்துகள் மூன்று. ஓய்வு என்பது நம்மவர்க்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த உரிமை. பாடுபட்டுப் பெற்ற அவ்வுரிமையை நாமே வீண் வேலைகளால் அடைத்துவிடுதல் கூடாது. நம் இல்லத்துப் பெண்டிர்க்கு அதனை நாமே மறுத்தலும் கூடாது.

1. நேரம் எங்கே செல்கிறது?

போடி, கம்பம், உத்தமபாளையம் முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களைக் காண்க. அவர்கள் ஜீப்பில் ஏறும்போதே சமையல் முடிந்திருக்கும். மாலையில் இறங்கும்போது அடுத்த சமையல் காத்திருக்கும். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போரைக் காண்க. குறித்த அளவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதற்காசு உண்டாகலின், உடல் "போதும்" என்று சொன்ன பின்னும் கை நிற்பதில்லை. வாளையாறு, கஞ்சிக்கோடு ஆகிய இடங்களில் தொழிற்சாலை வேலைக்குச் செல்வோரைக் காண்க. இரவு ஷிப்டு முடித்து வந்தவர், பகலில் உறங்குவதை விட்டு வேறு கூலி தேடுகிறார்.

இவை வயிற்றின்பொருட்டுச் செய்யும் வேலைகள். இவற்றோடு நாமாகத் தேடிக்கொண்டவையும் உண்டு. தேவைக்கன்றிப் பகட்டுக்கு வாங்கிய பொருளின் வாரத்தவணை ஓய்வுநாளை விழுங்குகிறது. பிறர் பார்க்கவேண்டும் என்று செய்யும் விழாச் செலவு அடுத்த ஆறு மாத உழைப்பை முன்னமே விற்றுவிடுகிறது. எஞ்சிய நேரத்தைக் கைப்பேசி கொண்டுபோகிறது. ஒரு மணிநேரம் அதனை உற்றுநோக்கி எழுந்தவரிடம் "இளைப்பாறினீரோ?" என்று கேட்டால், "ஆம்" என்று சொல்ல அவர்க்கே வாய் வராது. உழைப்பினால் வரும் களைப்பு ஒன்று. ஓய்வு என்று எண்ணியதனால் வரும் களைப்பு மற்றொன்று.

2. மறுக்கப்பட்ட உரிமை

சாதியமைப்பு நம் முன்னோரிடமிருந்து நிலத்தையும் கல்வியையும் பறித்தது என்பதை அனைவரும் அறிவோம். அது நேரத்தையும் பறித்தது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. ஆண்டை அழைத்த வேளை எதுவாயினும் செல்லவேண்டும்; சாவு வீடாயினும் அறுவடைக் களமாயினும் "இன்று எனக்கு வேறு வேலை உண்டு" என்று சொல்ல உரிமையில்லை. தன் நேரம் தனதல்லாதவனே அடிமை. ஆகவே, "எனக்கு இன்று ஓய்வு" என்று நம்மவர் ஒருவர் தலைநிமிர்ந்து சொல்வது சிறு செய்தியன்று.

இதனைத் தெளிவாகக் கண்டவர் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியடிகளும் தீண்டப்படாதார்க்குச் செய்தது என்ன என்று ஆராய்ந்து அவர் 1945இல் வெளியிட்ட நூலில், ஓய்வைப் பற்றிய அரிய வாதம் ஒன்று உண்டு. விலங்கு உடலைக் காப்பதற்கே வாழ்கிறது. மனிதனோ மனத்தையும் வளர்க்கவேண்டியவன். அதற்கு ஓய்வு வேண்டும். அவ்வோய்வு செல்வர் சிலர்க்கு மட்டும் உரியதாக இராமல், மக்களாட்சியில் ஒவ்வொருவர்க்கும் கிட்டவேண்டும். இயந்திரத்தை வெறுப்பதனால் அது கிட்டாது. மனிதனின் பாரத்தை இயந்திரம் ஏற்பதனாலேயே கிட்டும். இதுவே அவ்வாதத்தின் சாரம்.

அவர் எழுதியதோடு நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைத் தாங்கியபோது அதனைச் சட்டமாக்கவும் முயன்றார். ஊதியத்துடன் கூடிய விடுமுறை 1945ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் ஆலைத் தொழிலாளர்க்கு வந்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரத்திற்கு 54 மணியாக இருந்த வேலைநேரம், ஆண்டு முழுவதும் நடக்கும் ஆலைகளில் 1946இல் 48 மணியாகக் குறைந்தது. இதற்கு முன்னரே தொழிலாளர் தாமே குரலெழுப்பியதையும் மறத்தலாகாது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலையில் உணவுக்கு விடும் இடைவேளை போதாது என்பது தொழிலாளர் சொன்ன குறைகளுள் ஒன்று. நின்றுகொண்டே விழுங்காமல் உட்கார்ந்து உண்ணவேண்டும் என்பதற்கே ஒரு சங்கம் வேண்டியிருந்தது!

தோட்டத் தொழிலாளர் நிலை வேறு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வை வகுத்தது. எனினும் வாரத்திற்கு 54 மணி வேலையை ஒப்பியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை 48 ஆக்கியது. ஆலைத் தொழிலாளி 1946இல் பெற்றதைக் கொழுந்தெடுக்கும் பெண் பெறுவதற்கு 35 ஆண்டுகள் சென்றன.

மணியைக் குறைத்தால் மட்டும் ஓய்வு வந்துவிடாது; கூலியும் போதியதாக வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றில் "பெம்பிளை ஒருமை" என்னும் பெயரில் ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி நிறுத்திச் சாலையில் அமர்ந்தார்கள். அப்போது அவர்தம் நாட்கூலி 232 ரூபாய். குறைக்கப்பட்ட போனசை 20 விழுக்காடாக்கக் கேட்டு ஒன்பது நாள் போராடி, போனசும் கருணைத்தொகையுமாக அவ்வளவைப் பெற்றார்கள். கூலி குறைந்த இடத்தில், மாலைப்பொழுதையும் விற்றே உலை கொதிக்கவேண்டியிருக்கிறது. ஆகலின் நியாயமான கூலிக்குப் போராடுவதும் ஓய்வுக்குப் போராடுவதே.

3. பகவன் காட்டிய நெறி

பகவான் புத்தர் இல்லறத்தான் ஒருவனுக்குக் கூறிய அறங்கள் சிகாலோவாத சூத்திரத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. அதில் முதலாளி தொழிலாளிக்குச் செய்யவேண்டிய கடமைகள் ஐந்து. வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயில் பேணுதல், அரிய உணவைப் பகிர்தல், உரிய காலத்தில் விடுப்பு அளித்தல். ஐந்தாவதை ஊன்றி நோக்குக. ஆலையும் ஷிப்டும் சங்கும் இல்லாத காலத்திலேயே, உழைப்பவர்க்கு ஓய்வு தருதல் அறம் என வகுக்கப்பட்டுவிட்டது.

அச்சூத்திரமே சோம்பலையும் கடிகிறது. குளிர் மிகுதி, வெயில் மிகுதி, பொழுது சாய்ந்தது, இன்னும் விடியவில்லை, பசிக்கிறது, வயிறு நிறைந்துள்ளது என்று காரணம் காட்டி வேலையைத் தள்ளுபவன் பொருளை இழப்பான் என்கிறது. ஆகவே ஓய்வு வேறு, சோம்பல் வேறு. செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவது சோம்பல். செய்யவேண்டாததைச் செய்யாமல் விடுவது ஓய்வு.

மற்றோர் உண்மையும் உண்டு. மைத்திரியைப் போதிக்கும் சூத்திரம், அமைதியை நாடுவோர்க்குரிய குணங்களுள் ஒன்றாக "அப்பகிச்சம்", அதாவது சில வேலைகளே உடைமை, என்பதைக் கூறுகிறது. பயிற்சியிலுள்ள பிக்குவைத் தாழ்த்தும் குற்றங்களுள் ஓயாத பேச்சிலும் உறக்கத்திலும் இன்புறுதலோடு, ஓயாத வேலையில் இன்புறுதலும் எண்ணப்படுகிறது. "எனக்குத் தலைக்குமேல் வேலை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோர் இதனை நினைவிற் கொள்க. தன் மனத்தைப் பார்க்க அஞ்சுபவனும் வேலைக்குள் ஒளிந்துகொள்வதுண்டு.

சோணர் என்னும் பிக்கு, பாதம் கிழிந்து குருதி வடியும்வரை நடந்து தியானம் செய்தும் பயன் காணாமல் சோர்ந்தார். இல்லறத்தில் அவர் வீணை வல்லவர். நரம்பை மிக முறுக்கினாலும் தளர்த்தினாலும் இசை பிறவாது என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து, முயற்சியும் அத்தகையதே எனப் பகவன் தெளிவித்தார். வீணை அறியாத நமக்கு நூற்பாலை போதும். பஞ்சிழையில் முறுக்குக் குறைந்தால் நூல் பிரிந்துபோகும். அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் சுருண்டு அறுந்துபோகும். கதிரைக் கவனிக்கும் தொழிலாளி முறுக்கின் அளவை அறிவான். தன் உடலின் அளவையும் அவன் அறியவேண்டாவோ?

4. ஐயமும் தெளிவும்

ஐயம்: தம்மம் ஆசையை விடச் சொல்கிறதே, களிப்புக்கும் விளையாட்டுக்கும் அதில் இடம் உண்டோ?

தெளிவு: உண்டு. போதியங்கங்கள் ஏழில் முயற்சியை அடுத்து வைக்கப்பட்டிருப்பது பிரீதி என்னும் மகிழ்ச்சி; அதனை அடுத்தது அமைதி. மகிழ்ச்சியற்ற முயற்சி அமைதிக்கு ஏறும் படியை இழந்தது. வருவாயை நான்காகப் பகுத்து ஒரு பங்கை அனுபவிக்கவும், இரு பங்கைத் தொழிலில் இடவும், ஒரு பங்கைச் சேமிக்கவும் சிகாலனுக்குச் சொன்னவரும் பகவனே. பொருளுக்குச் சொன்ன பகுப்பை நேரத்திற்கும் கொள்ளலாம். அவர் கடிந்தது கள்ளையும் சூதையும் வேளையறியாது திரிதலையும் ஓயாமல் கூத்துத் தேடி அலைதலையுமே. குழந்தைகளோடு ஓடுதல், சடுகுடு ஆடுதல், நண்பரோடு மலையேறுதல், பாடுதல் ஆகியவற்றில் குற்றமில்லை. அட்டசீலம் ஏற்கும் உபோசத நாளில் மட்டும் ஆடல் பாடலை விலக்குவோம். பிறர் வீட்டுச் சாவுக்குக் கட்டாயத்தின் பேரில் நம் முன்னோர் அடித்த பறையை, வைசாக விழாவில் நம் மகிழ்ச்சிக்காக நாமே விரும்பி அடிக்கும்போது, கை அதுவே, கருவியும் அதுவே, வேறுபாடு விடுதலை.

ஐயம்: பொருளுள்ள பணி என்பது யாது?

தெளிவு: கூலி நின்றாலும் எதனைச் செய்ய மனம் விழைகிறதோ, எதனால் பிறர்க்கும் நன்மை விளைகிறதோ, அது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாச பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழ் "ஒரு பைசாத் தமிழன்". பின்னர் அது "தமிழன்" எனப் பெயர் பெற்றது. அதனையும் தம்மத்தையும் தாங்கியவர்களுள் கோலார் தங்கவயல் தொழிலாளர்க்குப் பெரும் பங்குண்டு. பண்டிதர் 1914இல் மறைந்த பின்னும், "தமிழன்" மீண்டும் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. பூமிக்கடியில் வேலை நடந்த ஊரில் அறிவின் வெளிச்சம் அணையாமல் காக்கப்பட்டது. அவர்கள் ஓய்வைக் கள்ளுக்கடைக்கே கொடுத்திருந்தால் நமக்கு இம்மரபு கிடைத்திராது.

5. இல்லத்துள் நடக்கும் அநியாயம்

நம் வகுப்புகளில் ஆண்கள் நிறைந்தும் பெண்கள் குறைந்தும் இருப்பதைக் கண்டு, "பெண்களுக்குத் தம்மத்தில் நாட்டம் இல்லை" என்று சொல்வாருண்டு. அக்கூற்று தவறு. வகுப்பு நடக்கும் மாலை ஆறரை மணிக்கு அவ்வம்மையார் எங்கே இருக்கிறார்? குழாயடியில், அடுப்படியில், துணி துவைக்கும் கல்லருகில். தோட்டத்திலோ ஆலையிலோ கணவனுக்கு ஒப்ப உழைத்து வந்தவர்க்கு, வீட்டில் இரண்டாம் ஷிப்டு தொடங்குகிறது. அதற்குச் சங்கு இல்லை, கூலி இல்லை, வார விடுமுறையும் இல்லை. முதலாளி எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கினால் கொடி பிடிக்கும் நாம், நம் வீட்டில் பதினாறு மணி வேலை நடப்பதைக் கண்டு வாளாவிருக்கலாமோ? உரிய காலத்தில் விடுப்பு என்னும் அறம் முதலாளிக்கு மட்டும் சொன்னதாக எண்ணற்க. நம் வீட்டில் ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் முதுகின்மேல் நிற்குமாயின், அது நாம் விட்டுவந்த பழைய அமைப்பின் மிச்சமேயாகும்.

6. இம்மாதப் பயிற்சி

முதலாவது: ஒரு வாரம் செய்த வேலைகளையெல்லாம் தாளில் எழுதுக. வயிற்றுக்காகச் செய்தவை, பிறர் நன்மைக்காகவோ மனமகிழ்ச்சிக்காகவோ செய்தவை, வெறும் பழக்கத்தினாலும் பகட்டினாலும் செய்தவை என மூன்றாகப் பிரிக்க. மூன்றாம் பிரிவிலிருந்து ஒன்றை இம்மாதமே விடுக.

இரண்டாவது: வார விடுமுறையில் அரைநாளையேனும் கூலிக்கு விற்காமல் காக்க. அவ்வேளையில் கைப்பேசியைப் பெட்டியில் வைக்க.

மூன்றாவது: வாரத்தில் இரண்டு மாலை, தண்ணீர், சமையல், பிள்ளைகள் ஆகிய மூன்றையும் ஆண்கள் ஏற்க. அம்மாலைகளில் பெண்கள் விரும்பியதைச் செய்க. வகுப்புக்கு வரலாம், உறங்கவும் செய்யலாம். ஏன் வரவில்லை என்று எவரும் கேளாதிருக்க.

நான்காவது, சங்கப் பொறுப்பாளர்க்கு: தம்மப்பணியையே மற்றொரு சுமையாக்கற்க. பிக்குகளும் மழைக்காலம் மூன்று மாதம் பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது பகவன் வகுத்த விதி. அறம் பரப்பும் பயணத்திற்கும் நிற்கும் காலம் உண்டாயின், நம் குழுக் கூட்டங்களுக்கும் அது வேண்டும். மாதம் நான்கு கூட்டங்களை இரண்டாக்கி, பௌர்ணமியன்று குடும்பத்தோடு கூடி உண்டு மகிழ்க.

சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. ஓய்வுக்கும் சோம்பலுக்கும் உள்ள வேறுபாடு யாது? உம் வாழ்விலிருந்து ஒவ்வொன்றிற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. ஆலைத் தொழிலாளர்க்கு 1946இல் கிட்டிய வேலைநேரம் தோட்டத் தொழிலாளர்க்கு 1981வரை கிட்டாமைக்குக் காரணங்கள் எவை எனக் கருதுகிறீர்?

3. உம் இல்லத்தில் கடைசியாக உறங்கச் செல்பவர் யார்? முதலில் எழுபவர் யார்? இருவரும் ஒருவரேயாயின், நாளை முதல் நீர் செய்யவேண்டியது யாது?

மூன்றாம் வினாவுக்குரிய விடையை எழுதிக் காட்டவேண்டா, செய்து காட்டுக.

சர்வ மங்களம் உண்டாகுக!